வீட்டுக் கணினிக்குத் தனியாக ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா?

(கல்வி உதவித்தொகை பெறும் மாணவர்களின் பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



உதவித்தொகை விண்ணப்பங்களை வாங்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில், ஒரு தாய் கையில் ஒரு சீட்டோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மகளின் படிப்புக்காக ஒரு பழைய லேப்டாப் வாங்கியிருந்தார். விற்ற கடைக்காரர், "உள்ளே இலவசமாக இருப்பதை நம்பாதீர்கள், தனியாக ஆன்டிவைரஸ் போட்டே ஆக வேண்டும்" என்று சொல்லி, ஓராண்டுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாய் கேட்டார்: "இது கட்டாயமா வாங்கணுமா அண்ணே? இந்தக் காசு இருந்தா பிள்ளைக்கு ரெண்டு மாசம் பஸ்ஸுக்கு ஆகும்."

நாங்கள் வழக்கம்போல், "வாங்கிவிடுங்கள்மா, பாதுகாப்பு முக்கியம்" என்றோம். அவர் விடவில்லை. "உள்ளே இருக்கிறது ஏன் பத்தாது?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. பல ஆண்டுகளாக எல்லோருக்கும் இதே யோசனையைச் சொல்லி வந்திருக்கிறோம். ஏன் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை. அந்தத் தாயை இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, விவரம் தெரிந்தவர்களோடு உட்கார்ந்து பேசினோம். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

முதலில் எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறோம். 2021ஆம் ஆண்டு எங்கள் அலுவலகக் கணினியில் ஒரு நாள் காலை எந்தக் கோப்பும் திறக்கவில்லை. எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத நான்கு எழுத்துகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம் கிடந்தது. 980 டாலர் கொடுத்தால் கோப்புகளைத் திறந்து தருகிறோம், மூன்று நாளுக்குள் கொடுத்தால் பாதித் தொகை போதும் என்று அதில் எழுதியிருந்தது. இதற்கு ரான்சம்வேர் என்று பெயர். நம் வீட்டுக்குள் புகுந்து, நம் அலமாரியை அவன் பூட்டால் பூட்டிவிட்டு, சாவிக்கு விலை கேட்பது போன்றது.

மூன்றாண்டு உதவித்தொகை விண்ணப்பங்கள் போயின. மாணவர்களின் மதிப்பெண் சான்றுகள், வங்கிப் புத்தக நகல்கள் எல்லாம் போயின. ஆதரவற்ற பெண்களுக்கு மாதந்தோறும் வழங்கும் உதவியின் பட்டியலும் அதில்தான் இருந்தது. பொருளாளர் பழைய வழக்கப்படி ஒரு நோட்டில் கையால் எழுதி வைத்திருந்ததால் அந்தப் பட்டியல் மட்டும் தப்பியது. அப்படியும் அந்த மாத உதவி இரண்டு வாரம் தாமதமாயிற்று. அந்த இரண்டு வாரம் அந்த வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கத் துணிவும் இல்லை. ஏழைகளுக்கென்று வந்த பணத்தைக் கொள்ளைக்காரனுக்குக் கொடுப்பதில்லை என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது. பணம் கட்டவில்லை. கோப்புகளும் திரும்பவில்லை.

அப்போது நாங்கள் எடுத்த முடிவு என்ன தெரியுமா? "இலவசமாக உள்ளே இருந்தது காப்பாற்றவில்லை, இனிக் காசு கொடுத்து வாங்குவோம்" என்பதுதான். அன்று முதல் வருகிறவர்களுக்கெல்லாம் அதையே சொல்லி வந்தோம். இப்போது அந்தத் தாய் கேட்ட கேள்விக்காக, அன்று கணினியைப் பழுதுபார்த்தவர் எழுதிக் கொடுத்த தாளைத் தேடி எடுத்துப் படித்தோம். அதில் இருந்த விஷயமே வேறு.

மலர் அச்சிடுவதற்காக ஒரு பக்க வடிவமைப்பு மென்பொருள் தேவைப்பட்டது. காசு கொடுத்து வாங்காமல், இணையத்தில் கிடைத்த பூட்டு உடைத்த பிரதியை இறக்கினோம். 'கிராக்' என்பார்களே, அதுதான். விண்டோஸில் இருந்த பாதுகாப்பு அதைத் தடுத்தது. ஆபத்து என்று எச்சரித்தது. கிராக்கோடு வந்த குறிப்பிலோ, "முதலில் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்" என்று இருந்தது. அணைத்தோம். எங்கள் அலுவலகத்தைப் பூட்டிய வகை ரான்சம்வேர் பெரும்பாலும் இந்தக் கிராக் கோப்புகள் வழியாகத்தான் உலகெங்கும் வீட்டுக் கணினிகளில் பரவியது என்பதைப் பிறகுதான் அறிந்தோம்.

ஆக, காவலாளி தூங்கவில்லை. "இவனை உள்ளே விடாதீர்கள்" என்று சொன்ன காவலாளியை நாங்களே வெளியே அனுப்பிவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டோம். பிறகு பழியைக் காவலாளி மேல் போட்டோம். அடுத்தவர் உழைப்பில் உருவான மென்பொருளைக் காசு கொடுக்காமல் எடுத்தது ஹலாலா என்று அன்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை என்பதையும் வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறோம்.

சரி, உள்ளே இருக்கும் அந்தப் பாதுகாப்பு எப்படிப்பட்டது? மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2009இல் 'செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்' என்று ஓர் ஆன்டிவைரஸை இலவசமாக வெளியிட்டது. அதை நாம்தான் தேடி இறக்கிக்கொள்ள வேண்டும். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது 'டிஃபெண்டர்' என்ற பெயரில் கணினியோடு சேர்ந்தே வரத் தொடங்கியது. ஆரம்ப ஆண்டுகளில் அது சோதனைகளில் பின்தங்கித்தான் இருந்தது. "உள்ளே இருப்பது உதவாது" என்ற பேச்சு அந்தக் காலத்தில் உண்மை. காலம் மாறியும் பேச்சு மட்டும் மாறவில்லை. ஜெர்மனியில் ஏவி-டெஸ்ட் என்ற ஆய்வுக்கூடம் உண்டு. பல நிறுவனங்களின் ஆன்டிவைரஸையும் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என்று மூன்று தலைப்பில், தலைப்புக்கு 6 மதிப்பெண் என்று சோதிக்கிறது. சமீப ஆண்டுகளில் டிஃபெண்டர் அதில் முழு மதிப்பெண்ணோ அதற்கு மிக நெருக்கமாகவோ வாங்கி, காசு கொடுத்து வாங்குபவற்றோடு ஒரே வரிசையில் நிற்கிறது.

எனவே, பாடம் படிக்க, விண்ணப்பம் போட, வங்கிக் கணக்குப் பார்க்க, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு வீடியோவில் பேச ஒரு கணினி வைத்திருக்கும் குடும்பத்துக்கு, உள்ளே இருக்கும் பாதுகாப்பே போதும். ஆனால் இதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு.

முதல் நிபந்தனை, விண்டோஸ் அசலாக இருக்க வேண்டும். பழைய லேப்டாப் வாங்கும்போது, "விண்டோஸ் ஒரிஜினலா?" என்று கேளுங்கள். 'செட்டிங்ஸ்' போய் 'ஆக்டிவேஷன்' என்ற பக்கத்தையும் பாருங்கள். ஆனால் கிராக் போட்டதும் சில வேளை அங்கே சரியென்றே காட்டும். அதனால் பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, அப்டேட் நிற்கக் கூடாது. 2017ஆம் ஆண்டு மே 12ஆம் தேதி வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் கிளம்பி, சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கணினிகளைப் பூட்டியது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகளே தள்ளிப்போயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதமாகியும் அதைப் போடாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். வேலை நேரத்தில் அப்டேட் வந்து கழுத்தறுக்கிறது என்று அதை நிறுத்தி வைக்கும் பழக்கம் நம் வீடுகளிலும் இருக்கிறது. தயவுசெய்து இரவில் ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்கிவிடுங்கள்.

இங்கே ஒரு முக்கியச் செய்தி. விண்டோஸ் 7க்கு அப்டேட் வருவது 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான அப்டேட் முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனாளர்களுக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்பு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கணினி ஏற்றுக்கொண்டால் விண்டோஸ் 11க்கு மாறுங்கள். அசல் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு அதற்குக் கட்டணம் இல்லை. ஏற்றுக்கொள்ளாத பழைய கணினியாக இருந்தால் 'லினக்ஸ் மின்ட்' போன்ற இலவச இயங்குதளம் போடலாம். அப்டேட் நின்றுபோன விண்டோஸின் மேல் எவ்வளவு விலை உயர்ந்த ஆன்டிவைரஸ் போட்டாலும், இடிந்த சுவரில் இரும்புக் கதவு மாட்டுவது போலத்தான்.

மூன்றாவது, அதை அணைக்கக் கூடாது. தேடும் இடத்தில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தட்டினால் ஒரு பக்கம் திறக்கும். 'வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன்' என்பதில் பச்சை அடையாளம் இருக்க வேண்டும். 'டேம்பர் ப்ரொடெக்‌ஷன்' என்பது ஆன் ஆகியிருக்க வேண்டும். வேறு மென்பொருள் எதுவும் திருட்டுத்தனமாகப் பாதுகாப்பை அணைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது அதுதான். ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துவிட்டு வந்த பென் டிரைவைச் செருகினால், எதையும் திறக்கும் முன் அதன்மேல் ரைட் கிளிக் செய்து ஸ்கேன் பண்ணுங்கள். ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் அதைத் தொடாதீர்கள்.

காசு கொடுத்து வாங்குவது வீணா என்றால், அப்படியும் சொல்ல மாட்டோம். கடையோ பள்ளியோ நடத்தி, பத்துக் கணினிகளை ஓரிடத்திலிருந்து கவனிக்க வேண்டியவர்களுக்கு அதன் தேவை இருக்கிறது. பிள்ளைகளின் கணினிக் கட்டுப்பாடு, கைப்பேசிக்கும் சேர்த்துப் பாதுகாப்பு என்று கூடுதல் வசதி வேண்டுபவர்கள் வாங்கலாம். அப்படியே வாங்கினாலும் ஒன்றுக்கு இரண்டாகப் போடாதீர்கள். இரண்டும் மோதிக்கொண்டு கணினி ஆமையாகிவிடும்.

இனி, எந்த ஆன்டிவைரஸாலும் செய்ய முடியாததைச் சொல்லி முடிக்கிறோம். நாமே கையால் எடுத்துக் கொடுப்பதை அது தடுக்காது. திடீரென்று திரை முழுவதும் சிவப்பாகி, "உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணுக்கு உடனே பேசுங்கள்" என்று வந்தால் அது வைரஸ் அல்ல, வெறும் இணையப் பக்கம்தான். கணினியை அணைத்துவிட்டு மீண்டும் போடுங்கள். அந்த எண்ணுக்குப் பேசினால், "நாங்கள் சரி செய்கிறோம்" என்று தொலைவிலிருந்து கணினியை இயக்கும் ஒரு மென்பொருளைப் போடச் சொல்வார்கள். போட்டுவிட்டால் உங்கள் மவுஸ் அவர்கள் கையில். போலீஸ் உடையில் வீடியோவில் வந்து, "உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்" என்பவனையும் ஆன்டிவைரஸ் தடுக்காது. அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. ஓடிபி கேட்பவர் யாராக இருந்தாலும் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காமல், அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

கடைசியாக, நகல். ஆயிரத்து இருநூறு ரூபாய் செலவழிக்க முடியும் என்றால், அதில் ஒரு நல்ல பென் டிரைவ் வாங்குங்கள். பிள்ளையின் சான்றிதழ்கள், பத்திரங்களின் நகல், குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் மாதம் ஒருமுறை அதில் ஏற்றி, கழற்றி, அலமாரியில் வையுங்கள். கணினியிலேயே செருகி வைத்தால் பூட்டுகிறவன் அதையும் சேர்த்தே பூட்டிவிடுவான். எங்கள் பொருளாளரின் நோட்டு செய்த வேலையை அது செய்யும்.

அந்தத் தாயை மறுபடி வரச் சொல்லி, லேப்டாப்பைப் பார்த்தோம். விண்டோஸ் அசலாகத்தான் இருந்தது. அப்டேட்தான் ஏழு மாதமாக நின்றிருந்தது. எங்கள் அலுவலக இணைப்பிலேயே அதைப் போட்டு, பச்சை அடையாளம் வந்த பிறகு கையில் கொடுத்தோம். "அப்ப அந்தக் காசு?" என்றார். "பிள்ளையின் பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்றோம்.

யோசனை கேட்டு வருகிறவரின் பணமும் நம்மிடம் அமானிதம்தான். எங்கள் பேச்சைக் கேட்டு இதற்கு முன் தேவையில்லாமல் வாங்கியவர்கள் இந்த அவையில் இருந்தால், எங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வரும் சனி, ஞாயிறு இரு நாளும் அஸருக்குப் பிறகு உங்கள் லேப்டாப்பை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். கல்லூரியில் கணினி படிக்கும் நம் பிள்ளைகள் இந்த மூன்று நிபந்தனைகளையும் பார்த்துத் தருவார்கள், இன்ஷா அல்லாஹ். கட்டணம் எதுவும் இல்லை.