கார்புரேட்டரில் துரு எப்படி வந்தது?

ஈப்போவைச் சுற்றியும் சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கமும் ரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. பால் ஏற்றிய காலத்து டிராக்டர் ஒன்று ஏதாவதொரு கொட்டகையில் கிடந்தால், அதை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நம் பிள்ளைகளுக்கு எழுகிறது. நல்ல ஆசைதான். அவர்கள் முதலில் கை வைப்பது பெரும்பாலும் கார்புரேட்டரில். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

எல்லா டிராக்டரிலும் கார்புரேட்டர் இராது. டீசல் எஞ்சினுக்கு அது தேவையில்லை. பெட்ரோலிலோ மண்ணெண்ணெய் வகையிலோ ஓடிய பழைய வண்டிகளில்தான் உண்டு. இங்கிலாந்தின் கோவென்றி நகரில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட சாம்பல் நிறப் பெர்குசன் அப்படிப்பட்டது. 5 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதிலும் 1951இல் டீசல் வகை வந்துவிட்டது. ஆகவே, வண்டி எந்த வகை என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கார்புரேட்டருக்குள் பெட்ரோல் முதலில் ஒரு சிறு கிண்ணத்தில் வந்து நிற்கிறது. தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை அடைக்கிறதல்லவா, அதே போல் இங்கும் ஒரு மிதவை உண்டு. கிண்ணத்திலிருந்து 'ஜெட்' என்னும் பித்தளைத் துண்டின் துளை வழியாகப் பெட்ரோல் ஏறி, எஞ்சின் இழுக்கும் காற்றோடு கலக்கிறது. அந்தத் துளை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். சிலவற்றில் அதற்கும் குறைவு. மணல் பருமன் துரு ஒன்று போதும், வண்டி நின்றுவிடும்.

கிண்ணத்தைத் திறந்தால் செங்காவி நிறத்தில் சேறு இருக்கும். கார்புரேட்டர் துருப்பிடித்துவிட்டது என்கிறோம். ஆனால் பல கார்புரேட்டர்களின் உடல் துத்தநாகமோ அலுமினியமோ கலந்த வார்ப்பு. சில பழையவற்றில்தான் வார்ப்பிரும்பு. காந்தத்தை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். காந்தம் ஒட்டாத உடலில் துரு எப்படி வந்தது? டாங்கியிலிருந்து வந்தது. பாதி காலியான டாங்கிக்குள் ஈரக்காற்று புகுகிறது. இரவில் குளிர்ந்ததும் அந்த ஈரம் சுவரில் நீராகப் படிகிறது. நீர் பெட்ரோலைவிடக் கனமானது. அடியில் போய்த் தங்கி இரும்பைத் தின்கிறது. டாங்கியை விட்டுவிட்டுக் கார்புரேட்டரை மட்டும் கழுவினால், சில நாளில் அதே சேறு திரும்பி வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. துரு என்றதும் நம் தோட்டத்து ஆட்களுக்கு ஆசிட் நினைவு வரும். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் பார்மிக் ஆசிட்டைப் பழகியவர்கள் நாம். அதில் ஊறவைத்தால் துருவும் கரையும், துத்தநாக உடலும் கரையும். புளியும் காடியும் வேகம் குறைவு, அவ்வளவே. காந்தம் ஒட்டாத பாகத்துக்கு எந்தப் புளிப்பும் வேண்டாம்.

மண்ணெண்ணெயும் பழைய பிரஷும் போதும். பெட்ரோலால் கழுவாதீர்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுப்புக்கோ சாமி விளக்குக்கோ போய்த் தீயை அழைத்து வரும். ஆகையால் வேலையை வெளியில், மர நிழலில் வைத்துக்கொள்வோம். மண்ணெண்ணெயும் தீப்பிடிக்கும் பொருள்தான். பக்கத்தில் சுருட்டு, சிகரெட் கூடாது. மீதியைச் சர்பத் போத்தலில் ஊற்றி வைக்கும் வழக்கத்தையும் விட வேண்டும். பிள்ளை தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நெஞ்சுக்குள் போய் நுரையீரலைக் கெடுக்கும். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

ஜெட்டைக் கம்பியால் குத்துவது பலருக்குக் கைவந்த பழக்கம். பித்தளை மெத்தென்றது, துளை ஒரு மயிரிழை பெருத்தாலும் பெட்ரோல் கூடுதலாகப் போய்க் கரும்புகை கக்கும். மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊறவிட்டு, சைக்கிள் பம்பால் காற்றடித்தால் பெரும்பாலும் திறந்துவிடும். திறக்காவிட்டால் மீன்பிடிக்கும் நைலான் நரம்பு. வாயால் மட்டும் ஊதவோ உறிஞ்சவோ கூடாது.

மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். சலசலத்தால் உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறது. வெளியில் சுடுநீரில் அமிழ்த்தினால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். உள்ளிருப்பதை முழுக்க வெளியேற்றாமல் ஈயம் பற்ற வைத்தால் அது கையிலேயே வெடிக்கலாம்.

காலி டாங்கியும் அப்படித்தான். நிறைந்த டாங்கியைவிட அதில் ஆபத்து அதிகம், ஏனெனில் உள்ளே ஆவியும் காற்றும் கலந்து நிற்கின்றன. ஓட்டையை அடைக்க நாமே வெல்டிங் செய்யப் புறப்பட வேண்டாம். தெரிந்த பட்டறையில் கொடுப்போம். துருவை எடுக்க, கழற்றிய டாங்கியில் சிறு கூழாங்கற்களும் மண்ணெண்ணெயும் போட்டு, இருவர் பிடித்து உருட்டலாம். சேறு வராத வரை மறுபடி மறுபடி. கற்களை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள்.

பூட்டிய பிறகு, பெர்குசன் போன்ற வண்டிகளில் டாங்கிக்குக் கீழே ஒரு கண்ணாடிக் கிண்ணம் தொங்குவதைக் காணலாம். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு அதைப் பாருங்கள். அடியில் காவி படிந்திருந்தால் டாங்கியை இன்னொரு முறை உருட்ட வேண்டும். தெளிவாக இருந்தால், வண்டியை நிறுத்தும்போது டாங்கியை நிறைத்தே வையுங்கள். ஈரக்காற்றுக்கு உள்ளே இடம் இராது.