சைக்கிளும் சங்கமும்

(தெமியாங்கில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



ஒரு கிராணி சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினால் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரும் என்று எனக்குத் தெரியும். முன்வரிசையில் இருக்கும் அக்கா இப்போதே சிரிக்கிறார். சிரியுங்கள். சிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்திலிருந்தே என் பேச்சைத் தொடங்குகிறேன்.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நம் மக்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். தமிழ் நேசன் பத்திரிகையில் பணிபுரிந்த ஆர்.எச்.நாதன் அவர்களுக்கு முன்னின்றார். அன்று அவர்கள் வைத்த கோரிக்கைகள் என்ன? சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை இந்தியத் தொழிலாளிக்கும் கொடு என்றார்கள். பிள்ளைகளுக்குப் படிப்புக் கேட்டார்கள், நோயாளிக்கு ஒழுங்கான வைத்தியம் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். எங்கள் பெண்களிடம் தகாத முறையில் நடக்காதே என்றார்கள். இவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள். துரையையும் தோட்டத்து உத்தியோகஸ்தரையும் கண்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் இருந்ததே, அதை ஒழிக்கச் சொன்னார்கள்.

துரைக்காக மட்டும் இறங்கவில்லை, தோழர்களே! கிராணிக்காகவும் இறங்கினார்கள். நம்மைப் போலவே கறுத்த தோல் உள்ளவனுக்காக, நான் இன்று உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலியில் அன்று உட்கார்ந்திருந்தவனுக்காக இறங்கினார்கள்.

சைக்கிளில் உட்கார்ந்தபடி போக அனுமதி கேட்டவர்களுக்குக் கிடைத்தது என்ன? அவ்வாண்டு மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவரை விடுதலை செய்யச் சொல்லித் தொழிலாளர் திரண்டபோது பட்டாளத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் மாண்டார்கள். எங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொள்ள விடு என்பதும் அந்தக் கோரிக்கைப் பட்டியலில் ஒன்று என்பதை மறந்துவிடாதீர்கள். இன்று சங்கச் சந்தாவைக் கொடுக்க முகம் சுளிக்கிறோம்.

போருக்குப் பிறகு தனித்தனியாக இயங்கிய சங்கங்கள் 1954-இல் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயின. அதைப் பல்லாண்டு நடத்திய பி.பி.நாராயணன் தம் தொழிற்சங்கப் பணியை நம் நெகிரி செம்பிலானில்தான் தொடங்கினார். தோட்டத்துக்குத் தோட்டம் துரையின் வாசலில் கைகட்டி நின்று கேட்ட கூலியை, முதலாளிமார் சங்கத்துக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஒப்பந்தமாக எழுதி வாங்கும் காலம் வந்தது. இதெல்லாம் பழைய கதைதானே என்பீர்கள். சரி, என் கதையைச் சொல்கிறேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஸ்டோரில் பால் நிறுக்கிறேன். உங்களுக்குத் தெரியும், பாலின் எடை மட்டும் கணக்கல்ல. அதில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று மெட்ரோலாக்கை மிதக்க விட்டுப் பார்த்து எழுத வேண்டும். அந்த எண்தான் உங்கள் கூலி. ஒரு நாள் என் தாயார் வயதுள்ள அம்மா ஒருவர் காண்டா வாளியை இறக்கி வைத்துவிட்டு, "ஐயா, அதை நானும் ஒரு தரம் பார்க்கலாமா?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உனக்குப் படிக்கத் தெரியுமா?" என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

மறுநாள் அவர் தனியாக வரவில்லை. கிளைச் செயலவை உறுப்பினர் ஒருவரும் கூட வந்தார். சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. "ஒவ்வொருவருக்கும் காட்டிவிட்டு எழுதுங்கள் ஐயா, சங்கத்தின் சார்பில் கேட்கிறோம்" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் மறுக்க முடியவில்லை. மறுத்தால் அது காகிதத்தில் ஏறி மேலே போகும். அன்று எல்லாரும் பார்க்க, நின்று நிதானமாகப் படித்தேன். அப்போதுதான் என் தவறு எனக்கே தெரிந்தது. இத்தனை நாளும் அவசரத்தில் மேலே மிதந்த நுரையை ஒதுக்காமலே படித்து எழுதியிருக்கிறேன்! திருடவில்லை, தோழர்களே. ஆனால் என் அலட்சியத்தில் எத்தனை வீட்டு அரிசி குறைந்ததோ! அந்த மாதக் கணக்கைத் திருத்தினேன். அதற்கு முந்தைய மாதங்களை யார் திருத்துவது?

அந்த அம்மாதான், அதே கேள்விதான். முதல் நாள் ஏளனம் கிடைத்தது, மறுநாள் கணக்கு கிடைத்தது. அந்த மாதமே நான் தோட்ட உத்தியோகஸ்தர்களுக்கான சங்கத்தில் சேர்ந்தேன். ஏனென்றால் துரையின் முன்னால் நானும் ஒற்றை ஆள்தான்.

இப்போது சில இளைஞர்கள், "சட்டம் இருக்கிறதே, சங்கம் எதற்கு?" என்று கேட்கிறார்கள். இருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கி, 2022 மே மாதம் 1,500 வெள்ளியாகி, 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி ஆயிற்று. கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறவரின் மாதச் சம்பளமும் அதற்குக் குறையக்கூடாது என்று அந்த உத்தரவிலேயே எழுதியிருக்கிறது. தொழிற்சங்கங்கள் பல்லாண்டு கேட்டுக் கேட்டு வந்த சட்டம் இது. ஆனால் அடைமழை மாதத்தில் சம்பளச் சிட்டையைப் பிரித்து, தொகை குறைந்திருந்தால் ஏன் என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? சட்டம் தானாக எழுந்து ஆபீசுக்கு நடந்து வராது.

இன்னொரு குறையும் காதில் விழுகிறது. சங்கத்துக்காரர்கள் சந்தா வாங்க மட்டும் வருகிறார்கள் என்கிறீர்கள். சில இடங்களில் அது உண்மைதான், நான் மறைக்கப் போவதில்லை. அதற்காகச் சங்கத்தை விட்டு விலகினால் யாருக்கு லாபம்? பொதுக்கூட்டத்துக்கு வந்து நேருக்கு நேர் கேளுங்கள். செயலவைக்குப் போட்டி போடுங்கள். பெண்கள் ஏன் நிற்பதில்லை? மரம் வெட்டுவதில் பாதி நீங்கள்தானே?

பக்கத்து லயத்தில் இந்தோனேசியத் தோழரும் வங்காளதேசத் தோழரும் இருக்கிறார்கள். அவர்களால் நம் பிழைப்புக் கெட்டது என்று சிலர் பேசுகிறார்கள். 1941-இல் சீனருக்கு ஒரு கூலி, இந்தியருக்கு ஒரு கூலி என்று வைத்திருந்தவன் யார்? இன்று அவருக்குக் குறைவாகக் கொடுத்துச் சமாளிக்க முடிந்தால், நாளை உங்களுக்கு எதற்கு அதிகம் கொடுப்பான்? சட்டப்படி அவரும் சங்கத்தில் உறுப்பினராகலாம். இன்று மாலை அவரிடம் போய் ஒரு வார்த்தை பேசுங்கள். அவர் பேசும் மலாய் உங்களுக்குப் புரியும்.

சந்தாப் புத்தகம் மேசை மேல் இருக்கிறது. அடுத்த சம்பள நாளன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் கோயில் மண்டபத்தில் இருப்பேன். ஆளுக்கு ஒரு சம்பளச் சிட்டை கொண்டு வாருங்கள். எந்தக் கட்டத்தில் சேமநிதி, எந்தக் கட்டத்தில் பிடித்தம், எந்தக் கட்டத்தில் ரப்பர் எடை என்று ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுகிறேன். அந்த அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.