வீட்டில் விமானம் ஓட்ட என்ன வாங்கலாம்?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடலூரிலும் சிதம்பரத்திலும் விமான நிலையம் இல்லை. ஆனாலும் ஃப்ளைட் சிமுலேட்டர் கேட்கும் பிள்ளைகள் நம் குடியிருப்பில் பெருகிவிட்டார்கள். பெற்றோர் கேட்பது இரண்டு கேள்விகள். இது பைலட் படிப்புக்கு உதவுமா? எதை வாங்குவது?

முதல் கேள்விக்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்கிறேன். வணிக விமானி உரிமத்துக்கு டிஜிசிஏ 200 மணி நேரப் பறப்பைக் கேட்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் பறந்தது அதில் ஒரு மணி கூடச் சேராது. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும், மருத்துவத் தகுதியும் வேண்டும். பிள்ளைக்கு உண்மையாகவே ஆசை இருந்தால் முதலில் டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் கண்ணையும் நிறப் பார்வையையும் காட்டுங்கள். பெரிய செலவெல்லாம் அதற்குப் பிறகு.

அப்படியானால் சிமுலேட்டரால் என்ன பயன்? கருவிகளைப் பார்த்துப் படிக்கவும், செக்லிஸ்ட்டை வரிசை மாறாமல் செய்யவும், ஓடுதளத்துக்கு நேராக விமானத்தைக் கொண்டுவரவும் பழகலாம். இதற்கு நடுத்தரக் கருவிகளே போதும்.

இனி வாங்கும் வரிசை. முதலில் எதையும் வாங்காதீர்கள். ஃப்ளைட்கியர் முழுக்க இலவசம். எக்ஸ்-ப்ளேனுக்கு இலவச டெமோ உண்டு. இருக்கிற கம்ப்யூட்டரில் ஒரு மாதம் ஓட்டட்டும். ஆர்வம் அப்போதும் குறையவில்லை என்றால் அடுத்ததை யோசிக்கலாம்.

அடுத்து ஜாய்ஸ்டிக். கம்ப்யூட்டரை மாற்றும் முன் இதை வாங்குங்கள், பறக்கும் அனுபவமே மாறிவிடும். பிடியைத் திருகினால் ரட்டர் இயங்கும் மாடலாகவும், த்ராட்டில் நெம்புகோல் உள்ளதாகவும் இருந்தால் தனிப் பெடல் தேவைப்படாது. ஏர்பஸ் 320-ல் கேப்டன் இடப்பக்கம் உட்கார்ந்து இடக்கையால்தான் ஸ்டிக்கைப் பிடிக்கிறார். அதனால் இரு கைக்கும் பொருந்தும் ஸ்டிக் நல்லது. த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் அந்த வகை. அதில் காந்த சென்சார் இருப்பதால் தேய்மானமும் குறைவு. செஸ்னா, போயிங் 737 ஓட்ட ஆசைப்படுபவர்களுக்கு யோக் பொருத்தம். ஆனால் விலையும் கூடுதல், மேசையில் இடமும் நிறைய அடைக்கும்.

மூன்றாவதாகக் கம்ப்யூட்டர். 2024-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்குக் குறைந்தது 16 ஜிபி ராம் வேண்டும், 32 இருந்தால் நல்லது. கிராஃபிக்ஸ் கார்டில் 8 ஜிபி நினைவகம் பாருங்கள். எஸ்எஸ்டி கட்டாயம். வேகமாகச் சுட வேண்டிய விளையாட்டு அல்ல இது. வினாடிக்கு 30 படம் தடங்கலின்றி வந்தாலே போதும். ஆகவே 4கே திரைக்குப் பணம் கொட்ட வேண்டாம். லேப்டாப்பில் பொதுவாக கார்டைப் பின்னால் மாற்ற முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த விளையாட்டு நிலக்காட்சியை இணையத்திலிருந்தே இழுக்கிறது. குறைந்தது 10 எம்பிபிஎஸ் வேண்டும், 50 இருந்தால் சீராக ஓடும்.

நம் ஊருக்கென்று இரண்டு எச்சரிக்கை. ஒன்று, மின்சாரம். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். யுபிஎஸ் அவசியம், ஆனால் சாதாரண 600 விஏ இதற்குத் தாங்காது. கடைக்காரரிடம் மொத்த வாட்டைக் கணக்கிடச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் லைனில் விளையாட்டைத் தொடராமல் முறையாக அணைத்துவிடுங்கள். லிஃப்டும் மோட்டாரும் அதில்தான் ஓடுகின்றன. இரண்டு, உப்புக்காற்று. சில்வர் பீச் பக்கம் இருப்பவர்கள் கேபினெட்டைக் கடலைப் பார்த்த ஜன்னலருகே வைக்காதீர்கள். யுஎஸ்பி முனைகளில் துரு ஏறும். வேலை முடிந்ததும் ஜாய்ஸ்டிக்கை மூடி வையுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். புதுச்சேரியில் சுமார் 1,500 மீட்டர் நீள ஓடுதளம் இருக்கிறது. செஸ்னா 172-ல் அங்கிருந்து கிளம்பி, கடல் இடக்கைப் பக்கம் இருக்கும்படி தெற்கே வாருங்கள். தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு என்று முகத்துவாரங்களை எண்ணிக்கொண்டே வந்தால் பிச்சாவரம் வரும். வலப்பக்கம் திரும்பினால் சிதம்பரம். மொத்தம் இருபது நிமிடம் பக்கம் ஆகும். வரைபடம் பார்க்காமல் வந்து சேருபவர் அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் ஓட்டிக் காட்டலாம்.

வாங்கும் முன் சந்தேகம் இருந்தால் கேளுங்கள். கடைக்காரர் எழுதிக் கொடுத்த பட்டியலையும் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.