பொப்பியும் பூவரசும்



நம் மலைநாட்டுத் தோட்டங்களை நடத்திய ஐரோப்பியத் துரைமார்க்கெனத் தனியே ஒரு தொண்டர் துப்பாக்கிப் படை 1900ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. அதன் அணியொன்று 1914இல் எகிப்துக்கும், 1915இல் கலிப்பொலிக்கும் சென்றது. மீளாதவரும் உளர். அவர்தம் துணிவை நாம் குறைத்துரைக்க வேண்டுவதில்லை.

போருக்குப்பின், நவம்பர் 11ஆம் நாள் இலங்கையிலும் செந்நிறப் பொப்பி மலர் விற்கப்பட்டது. மலர் வாங்காதவன் நன்றி கெட்டவன் என்பதுபோல் ஒரு நிலைமை! ஆனால் திரண்ட பணத்திற் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே போயிற்று. இந்நாட்டிலிருந்து போர்முனை சென்று திரும்பி வறுமையில் வாடிய வீரனுக்குக் கிட்டியது சொற்பமே.

இதனை எதிர்த்து முதலில் எழுந்தவர் போரை வெறுத்தவரல்லர். முன்னாட் படைவீரர் சங்கத்தைச் சேர்ந்த ஏலியன் பெரேரா. வறிய இலங்கை வீரர்க்கு உதவவென்று, 1931இல் அதே நாளில் பூவரசம்பூவை விற்பித்தார். சிங்களத்தில் அதுவே 'சூரியமல்'. 1933இல் வாலிபர் சங்கத்தார் அதனை மேற்கொண்டபோது முன்னின்றவர்களுள் ஒருவர் டொரீன் விக்கிரமசிங்க என்னும் ஆங்கிலப் பெண்மணி. இதுவும் ஒரு வியப்பே.

இவ்வியக்கத்தார் பலர் 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தனர். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸ் குண்டுக்கு இரையானார். விசாரணையில் அவருடைய மனைவிக்காக வாதாடியவர், அக்கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா.