பதினாறாம் நாளுக்குப் பிறகு

(தோட்டக் கிளைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



சம்பளம், தண்ணீர், வீட்டுக்கூரை இவற்றைப் பற்றிப் பேசத்தான் நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று சாவு வீட்டைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று தலைவர் சொன்னதும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்தேன். "வெள்ளிக்கிழமையும் அதுவுமாக இந்தப் பேச்சு எதற்குத் தம்பி?" என்று முன்வரிசைப் பாட்டி கேட்டுவிட்டார். பாட்டி பொறுத்துக்கொள்ள வேண்டும். நல்ல நாள் பார்த்துக்கொண்டு சாவு வருவதில்லை. வந்த பிறகு எவரும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையில் இருப்பதுமில்லை. ஆகவே வராத நாளில்தான் இதைப் பேசியாக வேண்டும்.

இந்த நாட்டின் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சாவு புதிதல்ல. காட்டை அழித்து மரம் நட்ட காலத்தில் மலேரியாக் காய்ச்சலில் நம் முன்னோர் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். 1942, 43-இல் ஜப்பானியர் சயாமுக்கு ரயில்பாதை போட ஆள் பிடித்துப் போனபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. உடலைப் பார்க்காத, இறந்த தேதி தெரியாத, அழுவதா காத்திருப்பதா என்று புரியாத மனைவிமார் அன்று லயத்துக்கு லயம் இருந்தார்கள். அவர்களுக்குப் பென்ஷன் ஏது, பத்திரம் ஏது? பக்கத்து வீட்டுக்காரி பகிர்ந்து கொடுத்த மரவள்ளிக்கிழங்குதான் சொக்சோ, அதுதான் சேமநிதி. அந்தப் பழக்கம் நம் இரத்தத்தில் இன்னமும் இருக்கிறது. அதனால்தான் இன்றைக்கும் ஒரு வீட்டில் சாவு என்றால் அடுத்த வீட்டில் அடுப்பெரியாது. பெரட்டுக்குப் போகுமுன்பே பத்துப் பேர் வந்து பந்தல் போட்டுவிடுகிறார்கள்.

முதல் மூன்று நாளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பாடை கட்ட ஆள் இருக்கிறது, மொய்ப்பணம் எழுத நோட்டு இருக்கிறது, கட்டிப் பிடித்து அழ உறவு இருக்கிறது. ஒப்பாரியை நாகரிகமில்லாதது என்று ஏளனம் செய்கிற படித்த இளைஞர்களும் நம்மில் உண்டு. நான் அந்தக் கட்சி அல்ல. நெஞ்சில் உள்ளதை வாய்விட்டுச் சொல்லி அழ ஒரு பெண்ணுக்குத் தோட்டத்தில் கிடைக்கும் ஒரே மேடை அதுதான். அழட்டும். கருமாதி முடிந்து, வாடகை நாற்காலியை லாரியில் ஏற்றிய பிறகு என்ன நடக்கிறது என்பதே என் கேள்வி.

ஆபீசில் செக்ரோல் எழுதுகிறவன் என்ற முறையில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். இறந்தவர் பெயருக்கு நேரே ஒரு கோடு விழுகிறது. அவருடைய நிரை வேறொருவருக்குப் போகிறது. மரத்துக்குத் துக்கம் கிடையாது. இரண்டு மூன்று வாரம் கழித்து, வெள்ளைச் சேலையில் ஒரு அம்மா ஆபீஸ் வாசலில் வந்து நிற்கிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஐ.சி., பழைய சம்பளச் சீட்டு, ஆஸ்பத்திரிக் காகிதம், கோயில் ரசீது எல்லாம் ஒன்றாகக் கசங்கிக் கிடக்கும். "ஐயா, இதில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார். எது வேண்டும் என்று அவருக்கும் தெரியாது. எவை கிடைக்கும் என்று சொன்னவரும் இல்லை. அதற்குள் சாவுச் செலவுக்கென்று வட்டிக்கு வாங்கிய கடன் வளர்ந்து நிற்கும்.

ஆகவே கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். சலிப்பாக இருந்தாலும் கேளுங்கள்.

வீட்டில் இறந்தால் முதலில் போலீஸ் நிலையத்துக்குத் தகவல் சொல்லி அடக்க அனுமதி பெற வேண்டும். பிறகு தேசியப் பதிவு இலாகாவில் மரணத்தைப் பதிந்து மரணப் பத்திரம் வாங்க வேண்டும். இதைப் பதினாறாம் நாள் கழியட்டும் என்று ஒத்திப் போடாதீர்கள். அந்த ஒரு காகிதம் இல்லாமல் மற்ற எந்தக் கதவும் திறக்காது. புருஷன் போன பெண் பதினாறு நாள் வாசல்படி தாண்டக் கூடாது என்கிறார்கள் பெரியவர்கள். அவர்களோடு சண்டைக்குப் போக நான் வரவில்லை. அவர் வரக் கூடாது என்றால் மகனோ மைத்துனரோ போகட்டும். யாருமே போகாமல் இருப்பதற்கு எந்தச் சாஸ்திரத்திலும் இடமில்லை.

அடுத்தது சொக்சோ. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த பாதுகாப்பு இது. 1971-இல் நடைமுறைக்கு வந்தது. வேலையில் அடிபட்டு இறந்தால்தான் சொக்சோ பணம் என்று நம்மில் முக்கால்வாசிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. 60 வயதுக்குள் ஒரு தொழிலாளி நோயில் இறந்தாலும், மாரடைப்பில் தூக்கத்திலேயே போனாலும், சந்தாத் தகுதி இருந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் பென்ஷன் உண்டு. இறப்பதற்கு முந்திய 40 மாதத்தில் 24 மாதமாவது சந்தா கட்டப்பட்டிருந்தால் முழுத் தகுதி. அதற்குக் குறைந்தாலும் குறைந்த தகுதி என்று ஒரு வழி இருக்கிறது. ஆகவே கிடைக்காது என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாமல் மனுப் போட்டுப் பாருங்கள். பென்ஷனில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. பிள்ளைகளுக்கு 21 வயது வரை. மேற்படிப்புப் படித்தால் முதல் பட்டம் வாங்கும் வரை. மனைவி இறந்தால் கணவருக்கும் உண்டு என்பதை ஆண்கள் கவனிக்க வேண்டும். பால் வெட்டும் பெண்களும் சந்தா கட்டித்தான் உழைக்கிறார்கள்.

வேலையால் நேர்ந்த மரணம் என்றால் அதற்குத் தனிச் சலுகை. அதில் வேலைக்குப் போகும் வழியும் திரும்பும் வழியும் அடங்கும். இருட்டோடு மோட்டார் சைக்கிளில் தீம்பாருக்குப் போகிறபோது லாரி மோதி இறந்தால் அது வேலை விபத்துதான். விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தாரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அடக்கச் செலவுக்கும் சொக்சோவில் ஒரு தொகை உண்டு. செலவுச் சீட்டுகளைக் கிழித்துப் போடாதீர்கள். நம் பக்கத்தில் வேலை செய்கிற வங்காளதேசத்து, இந்தோனேசியத் தோழர்களுக்கும் 2019 முதல் வேலை விபத்துப் பாதுகாப்பு இருக்கிறது. அவர்கள் குடும்பம் கடல் கடந்து இருக்கிறது. அவர்களில் ஒருவர் இறந்தால் கேட்க நம்மை விட்டால் யார்?

காண்ட்ராக்டர் சந்தாவே கட்டவில்லை என்றால்? அது இறந்தவர் குற்றமல்ல. சம்பளச் சீட்டைக் கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். மற்றதைச் சங்கம் பார்த்துக்கொள்ளும்.

சேமநிதிக்கு வருகிறேன். 1951 முதல் இந்த நாட்டுத் தொழிலாளிக்கு இருக்கிற பெரிய முதல் இதுதான். இங்கே எல்லாம் வாரிசு நியமனத்தில் இருக்கிறது. இளவட்டமாக வேலைக்குச் சேர்ந்தபோது அம்மா பெயரைக் கொடுத்திருப்பார். அம்மா போய் வருஷக்கணக்காகியிருக்கும். கல்யாணமாகி நாலு பிள்ளை பிறந்த பிறகும் பெயரை மாற்றியிருக்க மாட்டார். நியமனம் சரியாக இருந்தால் பணம் நேரே அந்தப் பெயருக்குரியவர் கைக்கு வரும். இல்லாவிட்டால் வாரிசுப் பத்திரம், நில அலுவலகம், அலைச்சல் என்று வருஷம் ஓடும். உயில் எழுதாமல் போனவருடைய சொத்தை 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் எப்படிப் பிரிக்கிறது தெரியுமா? மனைவி, பிள்ளைகள், பெற்றோர் எல்லாரும் இருந்தால் மனைவிக்கு நாலில் ஒன்று, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்கு நாலில் ஒன்று. எல்லாம் பெண்டாட்டிக்குத்தானே போகும் என்று நம்பியிருப்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சேமநிதி அலுவலகத்தில் பெயர் மாற்ற ஒரு காசு செலவில்லை. ஒரு அரை நாள்தான்.

பெட்டியை நன்றாகத் தேடுங்கள். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் புத்தகம் அடியில் கிடக்கலாம். 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய அந்தச் சங்கத்தில் தவணை தவணையாகக் கட்டிச் சேர்ந்த தகப்பன், பாட்டன் எத்தனையோ பேர். அந்தப் பங்கு வாரிசுக்கு உரியது.

இனி சொல்லப் போவது கொஞ்சம் கசப்பானது. ஒரு தோட்டத்தில் நடந்தது. ஊர், பேர் வேண்டாம். கோயிலில் தாலி கட்டி இருபது வருஷம் வாழ்ந்த தம்பதி. ஊரே சாப்பிட்ட கல்யாணம். புருஷன் பாம்பு கடித்து இறந்தார். அந்த அம்மா மனைவி என்பதற்குக் கையில் ஒரு காகிதமும் இல்லை. 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து இந்நாட்டில் முஸ்லிமல்லாதார் திருமணத்தைச் சட்டப்படி பதிய வேண்டும். கோயில் தாலி மட்டும் போதாது. அலுவலகக் கவுண்டரில் இருந்த பெண் நல்லவள்தான்; அவளுக்கும் கண் கலங்கியது என்று கேள்வி. ஆனால் சட்டத்தைக் கண்ணீரால் அழிக்க முடியுமா? புருஷனைப் பறிகொடுத்த பெண், நான் அவருக்குப் பெண்டாட்டிதான் என்று அந்நியர் முன்னால் சாட்சி கூட்டி நிற்பதைவிடப் பெரிய அவமானம் என்ன இருக்கிறது? இங்கே இருப்பவர்களில் பதியாத தம்பதிகள் இருந்தால் வெட்கப்பட வேண்டாம். கூட்டம் முடிந்ததும் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள். பேரன் பேத்தி எடுத்த பிறகு பதிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஜோடியாக வெட்கப்பட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள்.

வீட்டு விஷயமும் இருக்கிறது. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை செய்தவர் போனதும் வீட்டைக் காலி செய் என்று கடிதம் வந்தால், அழுதுகொண்டே சாமானைக் கட்டாதீர்கள். கடிதத்தை அன்றைக்கே கிளைக் காரியதரிசியிடம் கொடுங்கள். தவணை கேட்டுப் பேசலாம், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைக் காட்டிப் பேசலாம். பேசினால் ஏதாவது நடக்கும்.

துக்க விடுப்பைப் பற்றி நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டியது பாக்கி இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் பிரசவத்துக்கு விடுப்பு உண்டு, நோய்க்கு உண்டு. பெற்ற தகப்பனை அடக்கம் செய்யச் சம்பளத்தோடு ஒரு நாள் என்று எங்கும் எழுதவில்லை. அதைக் கூட்டு ஒப்பந்தத்தில் பேசித்தான் பெற வேண்டும். கொள்ளி வைத்த மறுநாள் விடியுமுன் உளியை எடுத்துக்கொண்டு நிரைக்குப் போகிறவனை நான் பார்த்திருக்கிறேன். கை மரத்தை வெட்டுகிறது. கண் எங்கோ இருக்கிறது. பட்டையைத் தாண்டிக் காயம் விழுந்தது என்று மண்டோர் சத்தம் போட்டார். மண்டோரையும் சொல்லிக் குற்றமில்லை. அவருக்கும் மேலே ஒருவர் சத்தம் போடுகிறார்.

மனத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு வெறும் மனு எழுதுகிற பாடமாகிவிடும். பெண்களுக்கு ஒப்பாரி இருக்கிறது என்றேன். ஆண்களுக்கு என்ன இருக்கிறது? வெளியே நிற்கிறான், சிகரெட்டுப் பிடிக்கிறான், பிறகு சம்சு. மனைவியை இழந்தவனுக்கு ஆறுதல் என்று போத்தலை நீட்டுகிற நண்பர்கள், அவன் பிள்ளைகள் ராத்திரி என்ன சாப்பிட்டன என்று கேட்டார்களா? பிள்ளைகளும் அப்படித்தான். அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று பொய் சொல்லி வைக்கிறோம். அது ஊர்க் கார் வரும்போதெல்லாம் ரோட்டுக்கு ஓடுகிறது. இறந்துவிட்டாள் என்று சொல்லுங்கள். கூட உட்கார்ந்து அழுங்கள். பள்ளிக்கூட வாத்தியாரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

மாதக்கணக்கில் சாப்பிடாமல், தூங்காமல், "நானும் போய்விடுகிறேன்" என்று ஒருவர் சொன்னால், சும்மா சொல்கிறார் என்று விடாதீர்கள். தனியாக விடவும் கூடாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநோய் டாக்டரைப் பார்ப்பது பைத்தியக்காரத்தனம் அல்ல. காய்ச்சலுக்குப் போவது போலத்தான். பிரெண்டர்ஸ் என்று தவறாகச் சொல்கிறார்கள், அதன் பெயர் பிபிரெண்டர்ஸ். 1970 முதல் இருக்கிற தொண்டர் அமைப்பு. 03-7627 2929 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், காசு கேட்க மாட்டார்கள். அரசாங்கத்தின் தாலியான் காசே எண் 15999. தனித்து விடப்பட்ட பெண்களும் பிள்ளைகளும் உதவி கேட்கலாம். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் சட்டமும் 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே போலீஸுக்குப் பயந்து எதையும் மறைக்க வேண்டியதில்லை. இந்த இரண்டு எண்களையும் ஆயாக் கொட்டகையிலும் கோயில் மண்டபத்திலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட ஏற்பாடு செய்திருக்கிறேன்.

நிறையப் பேசிவிட்டேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு தீர்மானத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்தக் கிளையில் மரணச் சகாயக் குழு ஒன்று அமைய வேண்டும். அதில் இருவர் போதும். ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். ஏனெனில் துக்க வீட்டில் உள்ளறை வரை போய் உட்காரப் பெண்ணால்தான் முடியும். மற்றவர் மலாய் எழுதப் படிக்கத் தெரிந்தவர். சாவு நடந்த மூன்றாம் நாள் இருவரும் அந்த வீட்டுக்குப் போய்ப் பத்திரங்களைச் சேர்த்துத் தர வேண்டும். பதினாறாம் நாளுக்குப் பிறகு மாதம் ஒருமுறை, ஒரு வருஷம் முழுக்கப் போய்ப் பார்க்க வேண்டும். மனு இருந்தாலும் இல்லாவிட்டாலும் போக வேண்டும். பஸ் செலவைக் கிளை நிதியிலிருந்து தரலாம். உறுப்பினர் அனைவரும் அடுத்த சம்பளத்துக்குள் சேமநிதி வாரிசுப் பெயரைச் சரிபார்த்துக் காரியதரிசியிடம் சொல்ல வேண்டும். முதல் பெயராக என் பெயரைக் குறித்துக்கொள்ளலாம்.

இத்தீர்மானத்தை முன்மொழிகிறேன். வழிமொழிபவர் எழுந்து பெயரைச் சொல்லுங்கள். பாட்டி கை தூக்குகிறார். எழுதிக்கொள்ளுங்கள், காரியதரிசி.