வாய் பேசா ஆட்டின் குறும்பு

விலங்குகளைப் பேசவைத்துச் சிறுவரை மகிழ்விப்பது கதையுலகின் பழைய வழக்கம். பஞ்சதந்திரத்து நரியும் ஈசாப்பின் ஓநாயும் சட்டத்தரணிகளைப் போல வாதாட வல்லவை. ஆயின், ஒரு சொல்லேனும் பேசாமலே பல நாட்டுச் சிறுவரைச் சிரிக்கவைத்த ஆடு ஒன்றும் உண்டு. இங்கிலாந்திலே, பிரிஸ்டல் நகரத்து ஆட்மன் படக்கலைக் கூடத்திற் பிறந்த 'ஷோன்' என்னும் செம்மறியே அது.

1995ஆம் ஆண்டில் நிக் பார்க் இயக்கிய 'எ குளோஸ் ஷேவ்' என்னும் குறும்படத்திலே ஷோன் முதன்முதல் தோன்றியது. ஒரு வீட்டினுட் புகுந்து, அகப்பட்டவற்றையெல்லாம் மென்று, ஈற்றில் ஒரு பொறியிற் சிக்கி உரோமம் இழந்தமையால் அதற்கு இப்பெயர் வாய்த்தது. உரோமம் கத்தரிக்கப்பட்டதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இப்பெயரும் ஒலியால் ஒன்றே. அப்படம் 1996இல் ஒஸ்கார் பரிசு பெற்றது. 2007ஆம் ஆண்டிலே, பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் சிறுவர் தொலைக்காட்சியில், ஏறக்குறைய 7 நிமிடக் கதைகளாக ஷோன் தன் பண்ணை வாழ்வைத் தொடங்கியது.

அப்பண்ணையின் தலைவன் ஒரு கமக்காரன். மூக்குக்கண்ணாடி அணிந்தும் கண்முன் நடப்பதைக் காணாதவன். அவனது வாயிலிருந்து வருவதும் முணுமுணுப்பேயன்றிச் சொல்லன்று. அவனுடைய காவல்நாய் பிட்சர், விசில் ஊதி ஆடுகளைக் கணக்கெடுக்கும் கங்காணி. பக்கத்துப் பட்டியிலே மூன்று பன்றிகள் எவரை எள்ளி நகையாடலாம் எனக் காத்திருக்கின்றன. முதற் கதையிலே ஒரு கோவா அகப்படுகின்றது. மற்றை ஆடுகள் அதனை உணவாகக் காண்கின்றன. ஷோனோ உதைபந்தாகக் காண்கின்றது. மறுகணம் மேய்ச்சல் நிலம் விளையாட்டரங்கமாகிவிடுகின்றது. கமக்காரன் திரும்பிப் பார்க்கும் வேளையிலோ, இரு கால்களில் ஓடியவை யாவும் நான்கு கால்களில் நின்று புல் மேய்கின்றன. குறும்பு எத்துணை வளர்ந்தாலும் அவன் அறியலாகாது என்பதே இந்நகைச்சுவையின் சட்டம்.

இக்குறும்பின் பின்னே பெரும் பொறுமை உண்டு. பொம்மையை இம்மியளவு அசைத்து ஒரு படம் பிடிப்பர். மீண்டும் அசைத்து மீண்டும் பிடிப்பர். திரையில் ஒரு விநாடி ஓடுவதற்குத் தொலைக்காட்சியிலே 25 படச்சட்டங்கள் வேண்டும். ஆகவே, ஒரு கலைஞரின் நாள் முழுவதான உழைப்பு சில விநாடிகளிற் கடந்துபோகின்றது. பேச்சில்லாமையால் காது மடங்குவதும் கண் உருள்வதுமே வசனமாகின்றன. சார்லி சப்ளின், பஸ்டர் கீற்றன் ஆகியோரின் ஊமைப்படங்கள் கையாண்ட மொழி இதுவே. இம்மொழிக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. எழுத்தறியாப் பாலனும் முதிய பாட்டனும் ஒரே கணத்திற் சிரிக்கலாம்.

தலைவனை ஏய்க்கும் ஆட்டைக் கண்டு பிள்ளைகளும் ஏய்க்கக் கற்பாரோ எனப் பெரியோர் சிலர் அஞ்சக்கூடும். அவ்வச்சத்துக்கு 2015இல் வெளிவந்த ஷோனின் முழுநீளத் திரைப்படத்திலே விடை உண்டு. நாள்தோறும் ஒரே ஒழுங்கில் சலிப்புற்ற ஷோன், ஒருநாள் ஓய்வு வேண்டிக் கமக்காரனை உறங்கவைக்கின்றது. அவன் உறங்கிய வண்டி உருண்டோடிப் பெருநகரைச் சேர்கின்றது. தலையில் அடிபட்டு நினைவிழந்த அவன், ஆட்டு உரோமம் கத்தரித்த கைப்பழக்கத்தால் அங்கே புகழ்பெற்ற சிகையலங்காரக் கலைஞனாகின்றான். அவனைத் தேடிச் சென்ற ஷோன் எதிரே நிற்கும்போது, அவன் அதனை அறிந்துகொள்ளவில்லை. அதுகாறும் சிரித்திருந்த சிறுவர் அவ்விடத்திலே மௌனமாகின்றனர். காணாதிருந்த கண்களுக்கு ஒளிந்து விளையாடியது ஒரு காலம். அக்கண்கள் தன்னைக் கண்டும் அறியாதிருப்பது வேறொரு துன்பம்.

குறும்பு செய்யும் பிள்ளை வீட்டை வெறுப்பதில்லை. வீடு என்றும் அங்கேயே இருக்கும் என்னும் உறுதியே அதன் குறும்புக்குத் துணிவு தருகின்றது. அவ்வுறுதி தளர்ந்த அன்று, ஷோன் விளையாட்டை விட்டு, கமக்காரனை மீட்டு வரப் போராடுகின்றது. தான் செய்த பிழையைத் தானே திருத்தும் பொறுப்பை இக்கதை போதிக்கவில்லை, செய்து காட்டுகின்றது. வாய் பேசா ஆட்டுக்கு அஃதன்றி வேறு வழியும் இல்லை.