செட்டிநாட்டு வீடுகளும் சுற்றுலாவின் ஆயுளும்

 

இக்கருத்தரங்கின் இரண்டு நாளும் நம்முன் இருக்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். பயணி கொடுக்கும் பணம், அவர் பார்க்க வந்த வீட்டை அடுத்த தலைமுறைவரை காப்பாற்றுகிறதா?

சுற்றுலாத் தலம் ஒன்று கண்டறியப்பட்டு, வளர்ந்து, தேங்கி, பிறகு சரியலாம் அல்லது புத்துயிர் பெறலாம் என்று 1980இல் புவியியலாளர் ரிச்சர்ட் பட்லர் விளக்கினார். செட்டிநாடு வளர்கின்ற கட்டத்தில் இருக்கிறது. தேக்கம் வருமுன் யோசிப்பவர்களுக்கே வழி திறந்திருக்கும்.

செட்டிநாட்டு வீடுகளை யாரும் வேடிக்கை பார்ப்பதற்காகக் கட்டவில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் இவ்வூர்களின் வணிகச் சமூகமான நகரத்தார் செய்த வட்டித்தொழிலின் வருவாய், பர்மாத் தேக்காகவும் இத்தாலியப் பளிங்காகவும் இந்த வறண்ட மண்ணில் எழுந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அந்த வருவாயின் வேர் அறுந்தது. பேரப்பிள்ளைகள் பல ஊர்களுக்கும் பிரிந்தார்கள். ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பெருகினார்கள். அவர்களுக்குள் ஒத்துவராத இடங்களில் வீடு இடிபட்டு, தூணும் நிலைக்கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின.

கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் சில வீடுகள் தங்கும் விடுதிகளாக மாறியதால் பிழைத்தன. 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. இவை மகிழ்ச்சிக்குரியவை. ஆனால் விடுதியாவது மட்டுமே தீர்வு என்று நான் நம்பவில்லை. பூட்டியே கிடக்கும் பல வீடுகள் இன்றும் கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் திறக்கின்றன. அந்த நாட்களுக்காகத்தான் பங்காளிகள் கூரை ஓடுகளை மாற்றுகிறார்கள், சுவரைப் பூசுகிறார்கள். வீட்டைத் திறந்து கூடும் அந்த உரிமையைப் பறிக்கும் சுற்றுலா, வீட்டைக் காப்பவர்களையே வெளியேற்றிவிடும்.

வீட்டோடு அதைச் சார்ந்த தொழிலும் நிலைக்கவேண்டும். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணத்தைக் கையால் ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு வீடும் அந்தக் கல்லையே வாங்கினால் தொழில் நிலைக்கும். அதேபோல், கூரையிலும் முற்றத்திலும் விழும் மழைநீரை ஊருணிக்குக் கொண்டுசேர்க்கும் வகையில் இவ்வூர்கள் அமைந்தவை. அந்த வாய்க்கால்களை அடைத்து எழும் விடுதி, தான் குடிக்கும் நீரையே கெடுக்கிறது.

ஆகவே அமர்வுகளிடம் மூன்று வேண்டுகோள். சட்ட வல்லுநர்கள், பங்காளிகள் கூடிக் கையெழுத்திடத் தக்க ஒப்பந்த மாதிரி ஒன்றை எழுதித் தாருங்கள். பொருளியலாளர்கள், அறை வாடகையில் ஒரு பங்கு ஊர்ப் பராமரிப்புக்குச் சேரும் முறையை வகுத்துத் தாருங்கள். கட்டடக் கலைஞர்கள், ஊருணியையும் வாய்க்காலையும் வீட்டோடு சேர்த்தே ஆவணப்படுத்துங்கள். வெற்றியை வந்துபோன தலைகளின் எண்ணிக்கையால் அளக்கவேண்டாம். ஓராண்டில் இடிபடாமல் காத்த வீடுகளால் அளப்போம்.

இந்த நோக்கோடு கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன். முதல் அமர்வில் வீட்டுக்காரர்களும் கொத்தனார்களும் பேசட்டும். ஆய்வாளர்களாகிய நாம் கேட்போம்.